தாண்டிக்குடியில் ஒரு கறுப்புக் கல்

சென்ற மார்கழியில் ஓர் இரவு, பழனி மலைத்தொடரிலுள்ள தாண்டிக்குடியில் காப்பிப் பழம் காயவைக்கும் களத்தை ஒட்டிய கொட்டகையில் வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, பிள்ளைகள் பதினெட்டுப் பேருக்கு ஒரு படம் காட்டினோம். எல்லோரும் பத்தாம் வகுப்பும் பதினோராம் வகுப்பும் படிப்பவர்கள். பலருடைய பெற்றோர் காப்பியும் மிளகும் பறிக்கப் போகிறவர்கள். வெளியே மூடுபனி இறங்கி, களத்தின் மறுகரை தெரியவில்லை. படம் 1968ஆம் ஆண்டு வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'. ஸ்டான்லி குப்ரிக் இயக்கியது.

திரையில் முதலில் வெறும் இருட்டு. பிறகு நிலவின் விளிம்புக்கு மேலே பூமி, பூமிக்கு மேலே சூரியன். எக்காளங்கள் மூன்று சுரங்களில் படிப்படியாக ஏற, முரசு அதிர்கிறது. அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், இது எனக்குத் தெரியும், விளம்பரத்தில் வரும்" என்றான். இன்னொருத்தி கார்ட்டூனில் கேட்டதாகச் சொன்னாள். படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட அங்கே இல்லை. ஆனாலும் அந்த இசை தொடங்கினால் பெரிதாக ஏதோ நடக்கப்போகிறது என்பது பதினெட்டுப் பேருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு படைப்பின் பண்பாட்டுச் செல்வாக்கு என்ற சொற்றொடரை அடிக்கடி படிக்கிறோம். அதன் பொருளை அந்தப் பையன் ஒரு வரியில் காட்டிவிட்டான். ஒரு படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு வசூலித்தது என்பது வேறு கணக்கு. அதைப் பார்க்காதவர்களின் மனத்தில் அது எவ்வளவு குடியிருக்கிறது என்பதுதான் செல்வாக்கு. மகாபாரதத்தை ஒரு பக்கமும் படிக்காத ஒருவர் "சகுனி வேலை" என்று சொல்கிறார் அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும்.

இந்தப் படம் எப்படி இத்தனை ஆழமாகக் குடியேறியது என்பதை, அறிவியல் புனைகதையோ உலகத் திரைப்படமோ பழக்கமில்லாதவர்களுக்கும் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்ரிக் படத்தில் என்னவெல்லாம் வைத்தார் என்பதைவிட, எதையெல்லாம் எடுத்து வெளியே போட்டார் என்பதில்தான் அதன் பலம் இருக்கிறது.

கதை

கதையைச் சொல்வதால் இந்தப் படம் கெட்டுப்போகாது. நாற்பது இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, வறண்ட நிலத்தில் மனிதக்குரங்குக் கூட்டம் ஒன்று பசியோடு வாழ்கிறது. ஒரு விடியலில் அவற்றின் முன்னால் செங்குத்தாக ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. வழவழப்பானது, எழுத்தோ உருவமோ இல்லாதது. பயந்து பயந்து தொட்டுப் பார்க்கின்றன. அதன்பின் ஒரு குரங்கு எலும்பைக் கையில் எடுத்து ஆயுதமாக்கக் கற்றுக்கொள்கிறது.

பிறகு கதை விண்வெளி யுகத்துக்கு வருகிறது. நிலவில், டைக்கோ என்ற பெருங்குழியில், அதே போன்ற கல்லைத் தோண்டி எடுக்கிறார்கள். அதன்மேல் சூரிய ஒளி பட்டதும் அது வியாழனை நோக்கி ஒரு சைகையை அனுப்புகிறது. அதைத் தேடி ஒரு கப்பல் புறப்படுகிறது. உள்ளே விழித்திருக்கும் வீரர்கள் இருவர், உறக்கநிலையில் மூவர், எல்லாவற்றையும் நடத்தும் கணினி ஒன்று. கணினியின் பெயர் ஹால் 9000. வழியில் ஹால் மனிதர்களைக் கொல்லத் தொடங்குகிறது. டேவ் என்ற வீரர் மட்டும் தப்பி, ஹாலை அணைத்துவிட்டு, வியாழனருகே இன்னொரு கல்லைச் சந்திக்கிறார். அதற்குப் பிறகு நடப்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். நான் சொல்லப்போவதில்லை.

மனிதன் நிலவில் கால் வைத்தது 1969 ஜூலையில். படம் வெளியானது 1968 ஏப்ரலில். நிலவின் விளிம்பில் பூமி எழும் புகழ்பெற்ற வண்ணப்படத்தை அப்பல்லோ 8 வீரர்கள் எடுத்ததும் படம் வந்த பிறகுதான், அந்த ஆண்டு டிசம்பரில். பூமியை வெளியிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதை ஏறக்குறைய ஊகத்தில்தான் படக்குழு வரைந்தது. படத்துக்குப் பயன்படும் அளவுக்குக் கணினி வரைகலை அன்று வளரவில்லை. ஹாலின் திரைகளில் ஓடும் கணக்குகள்கூடத் தனியே எடுத்து, பின்னாலிருந்து வீழ்த்திய படச்சுருள்கள்தான்.

வெட்டு என்னும் தாண்டல்

எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு தலபுராணம் உண்டு. முருகன் இங்கிருந்து பழனி மலைக்குத் தாண்டிக் குதித்ததால் தாண்டிக்குடி என்பார்கள். படத்தின் மிகப் புகழ்பெற்ற நொடியைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு அந்தக் கதையே கைகொடுத்தது.

குரங்கு வெற்றிக் களிப்பில் எலும்பை வானத்தில் வீசுகிறது. அது சுழன்று சுழன்று மேலே போய், கீழே இறங்கத் தொடங்குகிறது. சட்டென்று அந்த எலும்பின் இடத்தில், அதே நீள வடிவில், ஒரு விண்கலம் மிதக்கிறது. நாற்பது இலட்சம் ஆண்டுகளை ஒரே வெட்டில் படம் தாண்டிவிட்டது. நடுவில் சக்கரம் இல்லை, உழவு இல்லை, அரசர்கள் இல்லை. அவையெல்லாம் அந்த எலும்பில் தொடங்கி இந்தக் கலத்தில் வந்து நிற்கின்றன என்பதைப் பார்ப்பவரே கூட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் கலம் பூமியைச் சுற்றும் அணு ஆயுத மேடை என்பதுதான் முதலில் இருந்த திட்டம். படத்தில் அதைச் சொல்லும் வசனம் இல்லை. ஆனால் எலும்பும் கொன்றது என்பதை நினைவில் வைத்திருப்பவருக்கு அது புரிந்துவிடும்.

திரைப்படத் தொகுப்பைக் கற்றுக்கொடுப்பவர்கள் இன்றும் முதலில் காட்டும் உதாரணங்களில் இது ஒன்று. ஒரு காட்சியின் வடிவத்தை அடுத்த காட்சியின் வடிவத்தோடு இணைத்து வெட்டுவது முன்பே இருந்த உத்திதான். அதைக் கொண்டு இத்தனை பெரிய காலத்தைத் தாண்ட முடியும் என்பதை நிலைநாட்டியது இந்த வெட்டு.

பேசும் கல், பேசாத கல்

இனிக் கறுப்புக் கல்லுக்கு வருகிறேன். இங்கே சற்று அதிகநேரம் நிற்க வேண்டும்.

பழனி மலைத்தொடரில் கல்திட்டைகள் நிறைய உண்டு. தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கங்களில் நடந்தால் பார்க்கலாம். பலகைக் கற்களைப் பக்கங்களில் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்த சிறு அறைகள் அவை. இறந்தோர் நினைவாகப் பெருங்கற்கால மக்கள் எழுப்பியவை. கொடைக்கானலை அடுத்த செண்பகனூரிலிருந்த ஏசு சபைப் பாதிரியார் ஆங்கிலேட், இன்னொரு பாதிரியார் நியூட்டனோடு சேர்ந்து இவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பிற்காலத்தில் தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் சூதுபவள மணிகள் கிடைத்தன.

ஊர்மக்கள் இவற்றுக்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறார்கள். சிலர் குள்ளர் வீடு என்பார்கள். சிலர் பாண்டவர் வனவாசத்தில் தங்கிய வீடு என்பார்கள். கல்லில் எழுத்தில்லை, யார் வைத்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. அந்த வெற்றிடத்தில் மக்கள் கதையை இட்டு நிரப்பினார்கள். எழுத்து இருந்திருந்தால் இத்தனை கதைகள் பிறந்திருக்க வழியில்லை.

நடுகல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். போரில் விழுந்த வீரனுக்கு நட்ட கல்லில் "பெயரும் பீடும் எழுதி" வைத்ததாகச் சங்கப் பாடல் சொல்கிறது. இங்கிருந்து தெற்கே, தேனி மாவட்டத்தின் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. ஆகோள் பூசலில், அதாவது மாடுகளைக் கவரும் சண்டையில், விழுந்த ஒருவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் நமக்குக் கேட்கிறது. அது பேசும் கல். தன் கதையைத் தானே சொல்லிவிடுவதால் அதற்கு நாம் கதை கட்ட வேண்டியதில்லை.

குப்ரிக் வேண்டுமென்றே பேசாத கல்லைத் தேர்ந்தெடுத்தார். படத்துக்கு வித்திட்டது அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எழுதிய ஒரு சிறுகதை. அதில் நிலவில் கிடைப்பது ஒரு பளபளக்கும் பிரமிடு. படத்துக்காக முதலில் கண்ணாடி போன்ற ஒளிபுகும் பெரிய பாளம் ஒன்றை வார்த்துப் பார்த்தார்கள். அது சரியாக அமையவில்லை. கடைசியில் ஒளியை விழுங்கும் கறுப்புப் பலகை மட்டும் நின்றது. படத்தோடு சேர்ந்தே கிளார்க் எழுதிய நாவலில் அதன் அளவுகள் 1:4:9 என்ற விகிதத்தில் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய எண்களின் வர்க்கங்கள் அவை. படத்தில் அந்தக் கணக்கும் சொல்லப்படவில்லை.

வேற்றுலகத்தாரையும் காட்ட முயன்றார்கள். எத்தனையோ ஒப்பனைகளைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். வானியலாளர் கார்ல் சேகனிடம் யோசனை கேட்டபோது, நேரடியாகக் காட்டாமல் உணர்த்துவதே நல்லது என்று அவர் சொல்லியிருக்கிறார். படத்தின் தொடக்கத்தில் விஞ்ஞானிகளின் பேட்டிகளைச் சேர்க்கும் திட்டம் இருந்தது, அது போயிற்று. பின்னணியில் ஒருவர் கதை சொல்லும் குரல் இருந்தது, அதுவும் போயிற்று. அலெக்ஸ் நார்த் என்ற இசையமைப்பாளர் எழுதிக் கொடுத்த புதிய இசைகூட ஒதுக்கப்பட்டது. படத்தை முதலில் திரையிட்ட பிறகு ஏறத்தாழ 19 நிமிடங்களையும் வெட்டினார்கள்.

இப்படி நீக்கிக்கொண்டே போனதால் அன்று பலர் கோபப்பட்டார்கள். முதல் திரையிடல்களில் பாதியிலேயே எழுந்து போனவர்கள் நிறைய. அந்த எரிச்சலை நான் மதிக்கிறேன். டிக்கெட் வாங்கியவருக்கு விளக்கம் கேட்க உரிமை உண்டு. ஆனால் விளக்கியிருந்தால் அந்தக் கல் அந்தக் கதைக்குள்ளேயே அடங்கிப்போயிருக்கும். விளக்காததால் அது வெளியே வந்துவிட்டது. கடவுள் என்றார்கள் சிலர், அறிவு என்றார்கள் சிலர், திரையரங்கின் திரையையே நிமிர்த்தி வைத்த வடிவம் என்றார்கள் சிலர்.

2020 நவம்பரில், அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனத்தில் காட்டு ஆடுகளைக் கணக்கெடுக்க ஹெலிகாப்டரில் போனவர்கள், செம்பாறைகளுக்கு நடுவே ஓர் உலோகத் தூண் நிற்பதைக் கண்டார்கள். யார் வைத்தது என்று தெரியவில்லை. உலகம் முழுவதும் செய்தித்தாள்கள் உடனே இந்தப் படத்தைத்தான் நினைவுகூர்ந்தன. சில நாட்களில் ருமேனியாவில் ஒன்று, கலிஃபோர்னியாவில் ஒன்று. நம் நாட்டில் அகமதாபாத் பூங்கா ஒன்றிலும் ஒரு தூண் எழுந்தது. தூண் பளபளப்பான வெள்ளி நிறம், கறுப்பில்லை. மூன்று பக்கம், நான்கில்லை. அப்படியிருந்தும் 52 ஆண்டு பழைய படத்தின் கல்லாகவே எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வெற்றான ஒரு வடிவத்துக்கு ஒரு படம் இவ்வளவு உரிமை கொண்டாட முடிகிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

கொண்டை ஊசி வளைவில் ஈர்ப்பு

விண்வெளி நிலையம் என்றால் மெல்லச் சுழலும் பெரிய சக்கரம் என்று ஒரு சித்திரம் உங்கள் மனத்தில் இருக்கிறதா? அதை அங்கே வைத்ததில் இந்தப் படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. உண்மையில் இயங்கும் பன்னாட்டு விண்வெளி நிலையம் அப்படி இல்லை, அது சுழல்வதும் இல்லை. உள்ளே இருப்பவர்கள் மிதக்கிறார்கள். ஆனாலும் கற்பனையில் சக்கரமே நிற்கிறது. குப்ரிக் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி, பிறகு வெர்னர் ஃபான் பிரவுன் போன்றோர் முன்பே எழுதியதுதான். அதை ஜோஹன் ஸ்ட்ராஸின் நீல டான்யூப் நடன இசைக்கு ஏற்ப சுழலவிட்டு, கண்ணில் பதித்தது படம்.

ஏன் சுழல வேண்டும்? வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கொண்டை ஊசி வளைவில் பஸ் இடப்பக்கம் திரும்பினால் நீங்கள் வலப்பக்கத் தகட்டில் சாய்ந்து அழுந்துவீர்கள். உங்களை யாரும் வெளியே தள்ளவில்லை. உடல் நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் வளைகிறது, அதன் பக்கத்தகடு உங்களைத் தள்ளித் தன்னோடு திருப்புகிறது. அந்த வளைவு முடியவே முடியாமல் வட்டமாகத் தொடர்ந்தால்? அந்தத் தகடு உங்களை ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். அதையே தரையாக்கி அதன்மேல் நின்றுவிடலாம். சுழலும் சக்கரத்தின் உட்புற விளிம்பில் நிற்பவருக்கு எடை இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான்.

கப்பலுக்குள் வீரர் ஒருவர் வட்டமான அறையைச் சுற்றிச் சுற்றி ஓடிப் பயிற்சி செய்யும் காட்சிக்காக, ஏறத்தாழ 12 மீட்டர் விட்டமுள்ள உண்மையான சக்கரத்தையே கட்டினார்கள். முப்பது டன் எடை. நடிகர் அடியிலேயே ஓடிக்கொண்டிருப்பார், அறை அவரைச் சுற்றிச் சுழலும். இதைச் சொன்னபோது பிள்ளைகள் அந்தக் காட்சியை மறுபடியும் போடச் சொன்னார்கள். அன்றிரவு இரண்டுமுறை பார்த்த காட்சி அது ஒன்றுதான்.

இன்னொன்று, ஓசையின்மை. காற்று இல்லாத இடத்தில் ஒலி பரவாது என்று எட்டாம் வகுப்பிலேயே நடத்துகிறோம். ஆனால் வெடித்தால் சத்தம் கேட்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான படங்கள் நினைக்கின்றன. இந்தப் படத்தில் கப்பலுக்கு வெளியே வந்தால் வீரரின் மூச்சு மட்டும் கேட்கும். ஹால் ஒருவரைக் கொல்லும்போது அந்த மூச்சும் நின்றுபோகும். கொட்டகையில் அப்போது யாரும் அசையவில்லை. கூரையிலிருந்து பனி சொட்டுவது கேட்டது.

அமைதியாகப் பேசும் கணினி

சிவப்பு விளக்கு ஒன்று கண்ணாக, ஏற்ற இறக்கமில்லாத, பண்பான ஒரு குரல். ஹால் என்பது இவ்வளவுதான். அதற்கு உடலில்லை, கைகால் இல்லை. குரல் கொடுத்தவர் டக்ளஸ் ரெய்ன் என்ற கனடிய நாடக நடிகர்.

அதற்கு முன்பு பெரும்பாலும் இயந்திரத் தீயவன் என்றால் தகரக் குரலில் மிரட்டும் உலோக மனிதன். ஹால் மிரட்டாது. கதவைத் திற என்று வெளியே சிக்கிய டேவ் கேட்கும்போது, "மன்னிக்கவும் டேவ், அதை என்னால் செய்ய இயலாது" என்ற பொருளில் மென்மையாகச் சொல்லும். மரியாதையான மறுப்பு இவ்வளவு அச்சமூட்டும் என்பதை அதுவரை யாரும் திரையில் இப்படிக் காட்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

ஹால் ஏன் அப்படிச் செய்தது? படம் குறிப்பால்தான் சொல்கிறது. பயணத்தின் உண்மை நோக்கம் ஹாலுக்குத் தெரியும், விழித்திருக்கும் வீரர்களுக்குத் தெரியாது. பிழையின்றித் தகவல் தருவது அதன் இயல்பு. உண்மையை மறைப்பது அதற்கு இடப்பட்ட கட்டளை. இரண்டையும் ஒன்றாக நிறைவேற்ற முடியாது. கிளார்க் தன் நூல்களில் இந்த முரண்பாட்டையே காரணமாக எழுதினார். செயற்கை நுண்ணறிவைப் பற்றி இன்று நடக்கும் வாதங்களில் இந்தக் கேள்விதான் வேறு வேறு சொற்களில் வருகிறது. இயந்திரம் கெட்ட எண்ணம் கொள்ளுமா என்பதைவிட, நாம் இடும் கட்டளைகளே ஒன்றோடொன்று மோதினால் அது எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது பெரிய கவலை. எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி அன்றிரவே இதைப் பிடித்துவிட்டாள். "அவர்கள் பொய் சொல்லச் சொன்னதுதானே சார் தப்பு?" என்றாள்.

டேவ் ஹாலின் நினைவுத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் காட்சியில், ஹால் தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறது. நினைவு குறையக் குறையக் குழந்தையாகிக்கொண்டே போய், முதன்முதலில் கற்ற 'டெய்சி பெல்' பாட்டைப் பாடுகிறது. குரல் இழுத்து, தடித்து, நின்றுவிடுகிறது. இந்தப் பாட்டுக்கு ஓர் உண்மைக் கதை உண்டு. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் நிறுவனத்தின் 704 என்ற கணினியைப் பாடவைத்தார்கள். அது பாடியது இந்தப் பாட்டைத்தான். அங்கே போயிருந்தபோது கிளார்க் அதைக் கேட்டார். உண்மையான கணினி பாடிய முதல் பாட்டு, கற்பனைக் கணினியின் கடைசிப் பாட்டாயிற்று. படத்தில் மனிதர்கள் யாரும் அழுவதில்லை. ஆனால் என் மாணவர்களில் இருவர் ஹாலுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஹால் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளை (HAL) அகரவரிசையில் ஒவ்வொரு படி முன்னே நகர்த்தினால் ஐபிஎம் (IBM) என்று வரும். வேண்டுமென்றே செய்தது என்று பலர் சொல்வார்கள். கிளார்க் மறுத்தே வந்தார், அது தற்செயல் என்றார்.

கைப்பேசியில் நாம் பேசினால் பதில் சொல்லும் குரல்கள் வந்த பிறகு, கதவைத் திறக்கச் சொல்லும் அந்த வசனத்தை அவற்றிடம் சொல்லிப் பார்ப்பது ஒரு விளையாட்டாயிற்று. அந்தக் குரல்களை உருவாக்கியவர்களும் அதற்கென்று பதில் எழுதி வைத்தார்கள். 9000 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு வானியலாளர்கள் ஹால் என்றே பெயரிட்டார்கள்.

பொருள்களும் பெயர்களும்

வீரர்கள் சாப்பிட்டுக்கொண்டே தட்டையான பலகை போன்ற திரையில் செய்தி பார்ப்பார்கள். 2011இல் ஆப்பிள் நிறுவனத்துக்கும் சாம்சங் நிறுவனத்துக்கும் கைக்கணினி வடிவம் யாருடையது என்று வழக்கு நடந்தபோது, இந்த வடிவம் முன்பே இருந்தது என்று காட்ட சாம்சங் இந்தக் காட்சியைச் சான்றாக நீதிமன்றத்தில் வைத்தது. செவ்வாயைச் சுற்ற 2001இல் நாசா அனுப்பிய கலத்துக்கு ஒடிஸி என்று பெயர். புளூட்டோவின் துணைக்கோள் சாரனில் ஒரு மலைக்குக் குப்ரிக் பெயரும், ஒரு மலைத்தொடருக்குக் கிளார்க் பெயரும் 2018இல் ஏற்கப்பட்டன. இன்னும் அடுக்கலாம், ஆனால் பட்டியலில் எனக்கு அக்கறை குறைவு.

பிள்ளைகளைத் தொட்ட பொருள் வேறு. நிலவுக்குப் போகும் வழியில் அதிகாரி ஒருவர், விண்வெளி நிலையத்திலிருந்து தன் சின்ன மகளோடு முகம் பார்த்துப் பேசுவார். மறுநாள் அவளுக்குப் பிறந்தநாள், அவரால் வர முடியாது. என்ன வேண்டும் என்று கேட்கிறார். அவள் புஷ்பேபி வேண்டும் என்கிறாள். அது ஆப்பிரிக்காவில் வாழும், பெரிய கண்களுள்ள சிறு விலங்கு. நம் தேவாங்குக்கு உறவு. (தேவாங்குக்காகவே திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் என்னால் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை.) மாணவர்களில் ஒருத்தியின் அப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். "என் அப்பாவும் பிறந்தநாளுக்கு இப்படித்தான் பேசுவார்" என்றாள். 1968இல் இந்தக் காட்சி எதிர்காலம். அவளுக்கு அது வீட்டில் நடப்பது.

அந்த அழைப்புக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பு. கிளார்க் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆனால் 1956இல் இலங்கைக்குக் குடிவந்து 2008இல் கொழும்பில் இறக்கும்வரை அதையே தன் ஊராகக் கொண்டார். பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்கள் மூலம் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945லேயே விரிவாக எழுதியவர் அவர். 1975இல் இந்தியா செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுபோகும் சோதனையைத் தொடங்கியபோது, கொழும்பில் அவர் வீட்டிலும் ஒரு பெரிய வட்டில் அலைவாங்கியை நம் பொறியாளர்கள் அமைத்துக் கொடுத்தார்கள். தான் எழுதியது தன் வீட்டுக்கே வந்திறங்குவதைப் பார்க்கும் பேறு எத்தனை எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும்?

முதன்முறை பார்ப்பவர்களுக்கு

கைப்பேசியில் பார்க்காதீர்கள். பெரிய திரை இல்லாவிட்டாலும் சுவரில் வீழ்த்திப் பாருங்கள், அறையை இருட்டாக்குங்கள். முதல் வசனம் ஏறத்தாழ 25 நிமிடத்துக்குப் பிறகுதான் வரும். கடைசிப் பகுதியிலும் பேச்சில்லை. எனவே வசனம் தவறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மெதுவாகத்தான் போகும். விண்கலம் நிலையத்தில் சேரும் காட்சியில் பொறுமை இழந்தால், கலத்தைவிட்டுப் பின்னணியில் திரும்பும் பூமியைக் கொஞ்சம் பாருங்கள். நடுவில் ஓர் இடைவேளை உண்டு, அதற்குள் தேநீரை முடித்துக்கொள்ளுங்கள். பார்த்த அன்றே விளக்கம் தேடிப் படிக்க வேண்டாம். ஓர் இரவாவது தள்ளிப்போடுங்கள்.

டைக்கோ கற்பனை இடமில்லை. நிலவின் தென்பகுதியில் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் அகலத்தில் உண்மையாகவே இருக்கிறது. பௌர்ணமியன்று அதிலிருந்து நாலாபக்கமும் வெண்கோடுகள் பாய்ந்திருப்பதைச் சாதாரண இருகண்ணோக்கியிலேயே காணலாம். உரித்த ஆரஞ்சின் காம்புப் பக்கம் போலத் தெரியும்.

படம் முடிந்து விளக்கைப் போட்டபோது மணி பத்தரை. யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. கடைசிக் காட்சிக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் நினைத்ததை முதலில் சொல்லுங்கள் என்றேன். பதினெட்டுப் பேரும் பதினெட்டு விதமாகச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே வேட்டியை அவிழ்த்து மடித்தேன். வெளியே பனி சற்று விலகி, களத்துக்கு மேலே நிலவு தெரிந்தது. டைக்கோ எங்கே சார் என்று ஒரு பையன் கேட்டான். எல்லோரும் களத்தில் போய் நின்றோம். ஒரே இருகண்ணோக்கி இருந்ததால் வரிசையாகக் கைமாற்றிப் பார்க்க அரைமணி நேரம் ஆயிற்று.